வேலூர்த் தண்ணீரில் அமேசான் குட்டி மீன்: ஆற்றில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் போன் செய்தான். "அண்ணா, அபிஸ்டோ வைல்ட் காட் வருதாம்ணா. ஆத்துல புடிச்சது. ஜோடி ஒம்பதாயிரம் சொல்றாங்க. எடுத்துடட்டுமா?" கையில் பணம் வைத்திருக்கிறான். தறி போட்டிருந்த பின்கட்டு காலியாகிவிட்டதால் இடத்துக்கும் பஞ்சமில்லை. மூன்று அடித் தொட்டி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

"உங்க ஊட்டுத் தண்ணி டிடிஎஸ் எவ்ளோ?" என்று கேட்டேன். டிடிஎஸ் என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு.

"அது இன்னா, நல்ல தண்ணிதான்ணா. நாங்களே அதத்தான் குடிக்கிறோம்."

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்றாகிவிட்ட பழைய வேலூர் மாவட்டத்துப் பக்கம் மீன் வளர்க்கிறவர்கள் யாருக்கும் இந்தக் கேள்வி என்றாவது ஒருநாள் வரும்.

தம்பி கேட்ட அபிஸ்டோ, அதாவது அபிஸ்டோகிராமா, சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் ஒரு குட்டி வகை. சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தெரியலாம். ஏரி வற்றும்போது கூறு கட்டி விற்கிறார்களே ஜிலேபி கெண்டை, அதுவும் சிக்லிட் குடும்பம்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. இன்று அது இல்லாத ஏரியைத் தேடத்தான் வேண்டும். நாம் பேசப்போகும் குட்டி சிக்லிட் அதன் தூரத்து உறவு. குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. குஞ்சைக் காக்க உயிரையும் கொடுக்கும், தன் இடத்துக்குள் யாரையும் விடாது. தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிராமா இனத்தில் மட்டும் பெயர் வைக்கப்பட்டவை தொண்ணூறுக்கு மேல். ஆண் ஆள்காட்டி விரல் நீளம், பெண் அதில் பாதிக்குச் சற்று அதிகம். பொந்தின் கூரையில் முட்டை ஒட்டிவிட்டுப் பெண் மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறி, கறுப்புக் கோடுகளோடு வாசலில் நிற்கும். கொட்டாங்குச்சியில் அரைவட்டமாக ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்தால் போதும், அதுதான் அவளுக்கு வீடு. அந்த மஞ்சளை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் பைத்தியத்திலிருந்து மீள்வதில்லை. நானும் மீளவில்லை.

இவற்றை வாங்க நமக்கு நான்கு வழி இருக்கிறது. உரிமம் உள்ள இறக்குமதியாளர் மூலமாக ஆற்றில் பிடித்த மீனை வரவழைப்பது ஒன்று. அப்படி வந்த ஜோடிக்கு இங்கேயே பிறந்த முதல் தலைமுறைக் குஞ்சுகளை, நாம் எஃப்1 என்கிறோமே அதை, வீட்டில் வளர்க்கும் ப்ரீடரிடம் வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, பல தலைமுறைகளாகப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த ரகம்: டபுள் ரெட், ட்ரிபிள் ரெட் என்று பெயரோடு வரும் ககட்டுவாய்டஸ், ஃபயர் ரெட் அகசிஸி என்ற அபிஸ்டோ வகைகள், கடைக்குக் கடை தொங்கும் ஜெர்மன் ராம். நான்காவதை யாரும் கேட்பதில்லை. கடைசியில் நானே சொல்கிறேன்.

பெரும்பாலோர் விலையிலிருந்து கணக்குப் போடுவார்கள். நம் ஊரில் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

காட்பாடியில் என் வீட்டு போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 1,150 காட்டும். கோடையில் இன்னும் ஏறும். காவேரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் அதைப் பிடித்து வைத்துப் பார்த்தால் 300ஐ ஒட்டி இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எண் சொல்ல வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அதைப் பேசினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இந்தப் பக்கம் பிரேசிலின் ரியோ நீக்ரோ. பெயரே கறுப்பு ஆறு. காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி ஊறிக் கட்டன் சாயா நிறத்தில் ஓடுகிறது. கரைந்த உப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. கிட்டத்தட்ட மழைத் தண்ணீர். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் (ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம்) நான்குக்கும் ஐந்துக்கும் பக்கத்தில். அங்கே பிடித்த மீனைக் கொண்டுவந்து 1,150இல் விடுவது, மலைக்கிராமத்தில் பிறந்த குழந்தையைச் சுண்ணாம்புக் காளவாயில் குடிவைத்ததுபோல.

மீன் உடனே சாகாமல் போகலாம். சில வாரம் தாங்கும், சில மாதமும் தாங்கும். ஆனால் முட்டை பொரிக்காது. கடின நீரில் வெள்ளை பூத்து அழுகிவிடும். ஆறாயிரமோ ஒன்பதாயிரமோ கொடுத்து ஆற்று மீன் வாங்குவது அதன் வம்சத்தைப் பார்க்கத்தான். முட்டையே பொரிக்காத தண்ணீரில் அதை வைத்திருப்பது காட்சிப் பொருள் வாங்கிய கதை. காட்சிக்கு முந்நூறு ரூபாய் மீனே போதும், நிறமும் அதில்தான் அதிகம்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. அந்த ஆற்றுத் தண்ணீரைக் கறுப்பாக்குவது இலையிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் இறங்கும் டானின். டானினைப் பற்றி வட ஆற்காட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறப்போட்டுத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. அதே சாமான், அதே நிறம். உடனே யாராவது ஆவாரம்பட்டையை வாங்கித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். தோலைப் பதனிடும் அளவுக்கு இறங்குகிற சாறு மீனின் செவுளை என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. தெருவில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை போதும். பழுத்துச் சிவந்து தானாக விழுந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஆன்லைனில் பத்து இலை நூறு ரூபாய்க்கு விற்கிறவர்கள் நம் தெருவில்தான் பொறுக்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் இலை மட்டும் போட்டால் போர் தண்ணீர் மென்னீர் ஆகிவிடாது. கடின நீரில் உள்ள கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். நிறம் மாறும், பிஎச் அசையாது. நிறத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். முதலில் உப்பைக் குறைக்க வேண்டும். அதற்கு ஆர்ஓ, இல்லையென்றால் மழை.

ஆர்ஓ வைத்தால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகும். வண்டித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் மீனுக்காக இப்படி ஊற்றுவது எனக்கே உறுத்தும். கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துகிறேன். மழைக்கு அந்த உறுத்தல் இல்லை. மொட்டை மாடித் தரையில் விழுந்து வருவதைப் பிடிக்காதீர்கள், சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேர்ந்துவிடும். தார்ப்பாய் கட்டுங்கள். 10க்கு 10 அடித் தார்ப்பாயில் 5 செ.மீ. மழை பெய்தால் கணக்குக்குக் கிட்டத்தட்ட 460 லிட்டர். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நல்ல மழை கிடைத்தால் மூன்றடித் தொட்டிக்குப் பல மாதத்துக்குத் தண்ணீர் ஆயிற்று. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, நீல டிரம்மில் ஊற்றி, வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டி வையுங்கள். கட்டாமல் விட்டால் டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சி ஆட்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கொசுப்புழு மீனுக்கு எத்தனை நல்ல தீனி என்று அவர்களிடம் வாதாடிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. எடுபடவில்லை.

கலவைக் கணக்கு எளிது. 1,150 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 30 உள்ள ஆர்ஓ மூன்று பங்கு கலந்தால் 310 வரும். பண்ணை ககட்டுவாய்டஸ் அதில் சந்தோஷமாக இருக்கும், குஞ்சும் பொரிக்கும். ஒன்றுக்கு ஒன்பது கலந்தால் 142. எஃப்1 பலவற்றுக்கு இது சரி. ரியோ நீக்ரோவின் ஆற்று மீனுக்கு வெறும் மழைத் தண்ணீரும் வாதுமை இலையும்தான். போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். அதிலும் ஒரு ஆபத்து உண்டு. உப்பே இல்லாத தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் சரிந்துவிடும். அந்தப் பிஎச்சில் ஃபில்டரின் பாக்டீரியாவும் மந்தமாகிவிடும். தினமும் பார்க்க முடியாதவர்களுக்கு இந்த மீன் இல்லை.

கத்திரி வெயில்

பங்குனி பாதியிலிருந்து என் தொட்டி 32 டிகிரிக்குக் கீழே இறங்காது. வெளியே 40ஐத் தாண்டும் ஊரில் வேறெப்படி இருக்கும்? அகசிஸி போன்றவை 25, 26இல் இருந்து பழகியவை. ராம் மட்டும் விதிவிலக்கு. வெனிசுவேலா, கொலம்பியாவின் திறந்த புல்வெளி ஓடைகளில் வெயிலில் காய்ந்த மீன் அது; 28, 29 அதற்கு இதம். இங்கே நம் ராசியைப் பாருங்கள்: வெயிலைத் தாங்கும் மீனுக்கு நம் தண்ணீர் ஆகாது, தண்ணீரைத் தாங்கும் மீனுக்கு நம் வெயில் ஆகாது.

வேலூருக்கு ஒரு நல்ல காலமும் உண்டு. நம்முடையது வறண்ட வெயில். தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் மேல் படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாகும் வேகத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். கடற்காற்றில் ஈரம் நிற்கும் சென்னை நண்பர்களுக்கு இது இவ்வளவு வேலை செய்யாது. ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரையே நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு தங்கித் தங்கி ஏறிவிடும்.

வெப்பத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1996இல் ஊவே ரோமர், வொல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் 37 வகை அபிஸ்டோகிராமாக்களை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முதல் சில வாரங்களின் வெப்பம் பெரிதும் தீர்மானிக்கிறது. சூடு ஏற ஏற ஆண்கள் கூடும். என் தொட்டியில் ஒரு சித்திரையில் பிறந்த ககட்டுவாய்டஸ் குஞ்சுகளில் வளர்ந்து மிஞ்சியது இருபத்தொன்று. பெண் இரண்டே இரண்டு. ஆணுக்கு விலை உண்டு, பெண் இல்லாமல் ஆண் எதற்கு என்று வாங்க வந்தவர் கேட்டார். அதற்குப் பிறகு மார்கழி, தை மாதங்களில்தான் ஜோடி சேர்க்கிறேன். சாத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் அப்போது இரவில் நன்றாகக் குளிரும். ஹீட்டரை 25இல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

பையைப் பிரிக்கும் நேரம்

ஆற்று மீன் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்று. 2019இல் இடையில் ஒருவர் மூலமாக ஆறு செக்கர்போர்டு சிக்லிட் வாங்கினேன். உடம்பில் சதுரங்கக் கட்டம்போல் கறுப்புப் புள்ளி, ஆணுக்கு வாலில் நூல்போல இரண்டு நீட்டம். மீன் சென்னையிலிருந்து தெர்மகோல் பெட்டியில் ரயிலில் வந்தது. பெரம்பூரில் ஏற்றியதைக் காட்பாடியில் இறக்கியபோது ஆறும் உயிரோடு. மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும்படி பையைப் பிரித்து, வாளியில் கொட்டி, சொட்டுக் குழாய் போட்டு இரண்டு மணி நேரம் மெதுவாகத் தண்ணீர் கலந்தேன். விடியும்போது நான்கு போய்விட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. மூடிய பைக்குள் மீன் மூச்சு விட்டு விட்டுக் கரியமில வாயு சேர்கிறது, தண்ணீரின் பிஎச் இறங்குகிறது. கழிவில் வரும் அம்மோனியா அந்தத் தாழ்ந்த பிஎச்சில் அம்மோனியமாக, அதிகம் கெடுதல் இல்லாத வடிவில் இருக்கிறது. பையைப் பிரித்ததும் கரியமில வாயு பறந்துவிடும், பிஎச் ஏறும், அம்மோனியம் மறுபடி நஞ்சாக மாறும். நான் அதோடு என் பிஎச் எட்டுத் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாக ஊற்றி அதை இன்னும் வேகப்படுத்தினேன். இரண்டு மணி நேரம் அந்த நஞ்சில் மீனை வைத்திருந்தவன் நான்தான். விற்றவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நெடுநேரம் பையில் இருந்த மீனுக்கு, பையில் உள்ளதைப் போன்ற மென்னீரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, வெப்பத்தை மட்டும் சமன் செய்து, வலையால் எடுத்துச் சட்டென்று மாற்றிவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

இந்தப் பெட்டியின் காட்பாடிப் பயணம் மூன்று மணி நேரம். பிரேசிலின் மனாவுஸிலிருந்தோ பெருவின் இக்கிட்டோஸிலிருந்தோ வரும் பெட்டிக்கு நாள் கணக்கு. நடுவில் ஒரு விமான நிலையத்தில் காகிதம் தாமதமானால் அத்தனையும் போச்சு.

ஆற்று மீனுக்காக என்ன சொல்லலாம்

நிறையச் சொல்லலாம். பண்ணையில் யாரும் வளர்க்காத வகைகள் ஆற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஓர் ஓடையின் அகசிஸிக்கும் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓடையின் அகசிஸிக்கும் வாலின் ஓரக் கோடே மாறும். எந்த ஓடை என்ற பெயரோடு வந்த மீனை அதே பெயரோடு வளர்த்துப் பெருக்குவது இந்த ஹாபியின் மேலான வேலை. பண்ணை மீன் பல தலைமுறை உள்உறவில் வந்தது. ஜெர்மன் ராமை வாங்கிவிட்டு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்று புலம்பாதவர் யார்? நிறம் ஏற்ற ஹார்மோன் கொடுக்கிறார்கள் என்று தொழிலிலேயே நெடுநாள் பேச்சு உண்டு. நேர்த்தியாக வந்து சேர்ந்த ஆற்று மீனின் உறுதி வேறு மாதிரி.

ஆற்றில் பிடிப்பது என்றாலே பாவம் என்று ஒரு கட்சி இருக்கிறது. நானும் முதலில் அதில்தான் இருந்தேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளாவை நினைத்துப் பாருங்கள். சில ஓடைகளில் மட்டும் வாழும் மீன், உலகச் சந்தைக்கு அள்ளிக் கொடுத்தோம், இன்று அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ரியோ நீக்ரோக் கரையில் பார்செலோஸ் என்ற ஊரின் கதை வேறு. அங்கே பியாபெய்ரோ என்று அழைக்கப்படும் மீன் பிடிப்பவர்கள் கைவலையோடும் சின்னப் படகோடும் போய் வண்ண மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள். ஆற்று நீர் ஏறும்போது காடே முழுகி மீன் சிதறிவிடுகிறது. இறங்கும்போது சுருங்கிய ஓடைகளில் அடைபடும் மீனில் பெரும்பகுதி எப்படியும் சாகப்போவதுதான். அந்த வருமானம் இருக்கும்வரை காட்டை வெட்டவோ எரிக்கவோ அவர்களுக்குத் தேவை வராது என்பதுதான் 1989இல் தொடங்கிய பியாபா திட்டத்தின் வாதம். மீன் வாங்கினால் மரம் பிழைக்கும் என்று சொல்கிறார்கள். பரந்த வெள்ளக்காட்டில் கோடிக்கணக்கில் இருக்கும் மீனுக்கு இது பொருந்தும். ஒரே ஓடையில் வாழும் அபூர்வ அபிஸ்டோவுக்குப் பொருந்துமா என்று அந்தந்த மீனை வைத்துக் கேட்க வேண்டும். கடைக்காரர் எந்த ஓடை என்றே சொல்ல முடியாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

ஒரு பொருத்தம் எனக்குப் பிடிக்கும். மனாவுஸில் ஆறு உச்சத்தில் இருப்பது ஜூன் வாக்கில், அடிமட்டத்துக்கு இறங்குவது அக்டோபர், நவம்பரில். அங்கே தண்ணீர் இறங்கி வலையில் மீன் ஏறும் காலம்தான் இங்கே நம் தார்ப்பாயில் மழை இறங்கும் காலம். ஆற்று மீன் வாங்குவதென்றால் நமக்கு வருடத்தில் ஐப்பசி முதல் தை வரைதான். சித்திரையில் யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காகிதம்

"துபாயிலிருந்து வரும் மச்சான் பையில் போட்டுக் கொண்டுவருவான்" என்ற யோசனை அவ்வப்போது காதில் விழுகிறது. செய்யாதீர்கள். உயிருள்ள மீனைக் கொண்டுவர முன்கூட்டியே சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் வருவது அது. ஏற்றுமதி நாட்டின் மீன் நலச் சான்று வேண்டும், வந்த பிறகு தனிமைப்படுத்தி வைக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட வகையாகவும் இருக்க வேண்டும். இது தனி ஆள் செய்கிற வேலை இல்லை. மீனின் விலை உண்மையில் சொற்பம்; விமானக் கூலி, காகிதம், தனிமைக் காலம், வழியில் செத்தது எல்லாம் சேர்ந்துதான் ஒன்பதாயிரம் ஆகிறது. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து உரிமம் உள்ள ஒருவரிடம் முன்பதிவு செய்வதே நடைமுறை. அனுமதியின் நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த மீன் ஆற்றிலிருந்து வந்ததல்ல, அல்லது நேர்வழியில் வந்ததல்ல.

ஆற்று மீன்தானா என்று கண்ணாலும் ஓரளவு சொல்லலாம். எல்லாம் ஒரே அளவில், ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் பண்ணை. ஆற்றுக் கூட்டத்தில் பெரியதும் சிறியதும் கலந்திருக்கும், ஓரிரண்டு வேறு வகையும் தப்பி வந்திருக்கும். தீனிக் குருணையைப் போட்டால் பண்ணை மீன் கண்ணாடிக்கு ஓடிவரும். ஆற்று மீன் அது தீனி என்றே அறியாது. கொசுப்புழு, ஆர்டீமியா, மொய்னா என்று உயிருள்ளது வேண்டும். வயது தெரியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இரண்டு மூன்று வருடம் வாழும் மீனில், வலையில் விழும்போதே பாதி வயது போயிருக்கலாம்.

பிறகு புழு. ஆற்று மீனின் குடலில் புழுவும் செவுளில் ஒட்டுண்ணியும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனித் தொட்டியில் ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம். லெவாமிசோல் என்ற புழு மருந்து நம் ஊர்க் கால்நடை மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆட்டுக்குக் கேட்கிறீர்களா மாட்டுக்கா என்பார்கள். மீனுக்கு என்று சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அளவைக் குத்துமதிப்பாகப் போடாமல், போட்டுப் பழகியவரிடம் கேட்டுப் போடுங்கள்.

ஆக, யாருக்கு எது

முதல்முறை குட்டி சிக்லிட் வைக்கிறவர் பண்ணை ககட்டுவாய்டஸில் தொடங்கலாம். பெருவில் அதன் பூர்வீகத் தண்ணீரே ரியோ நீக்ரோ அளவுக்கு மென்மையானதல்ல. நம் கலவைத் தண்ணீரை அதனால்தான் பொறுத்துக்கொள்கிறது. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் சந்தையில் நின்று பார்த்து, குறுகிய வாலும் ஒட்டிய வயிறும் இல்லாததாக எடுங்கள். நைஜீரியாவின் கிரிபென்சிஸும் இதே வரிசை, அதைவிடவும் தாக்குப்பிடிக்கும். மலிவாக இருக்கிறதே என்று ராமில் மட்டும் தொடங்காதீர்கள். மலிவான மீன்தான் ஆளை ஹாபியிலிருந்து விரட்டுகிறது.

ஒருமுறை குஞ்சு எடுத்துப் பழகியவருக்கு எஃப்1. என்னைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் சரியான வழி. ஆற்று மீனின் ரத்தம் அப்படியே இருக்கிறது, வயது தெரிகிறது, புழு இல்லை, குருணை தின்கிறது, நம் நாட்டுத் தண்ணீரில் கண் திறந்தது. விலை ஆற்று ஜோடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. குறை ஒன்றுதான்: கேட்ட வகை கேட்ட நேரத்தில் கிடைக்காது, பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே ஈற்றில் ஜோடி எடுக்காமல் இரண்டு ப்ரீடரிடம் பிரித்து வாங்குவது நல்லது.

ஆற்றில் பிடித்தது யாருக்கு? மழைத் தண்ணீர் டிரம் நிரம்பியிருக்கிறவருக்கு, கோடைக்கு வழி வைத்திருப்பவருக்கு, எஃப்1 குஞ்சுகளை ஊருக்குப் பங்கிடும் எண்ணம் உள்ளவருக்கு. வேலூர்ப் பக்கம் அப்படி நான்கு பேர் இருந்தால் மற்ற எல்லோருக்கும் எஃப்1 உள்ளூரிலேயே கிடைத்துவிடும்.

நான்காவது வழி நம் நாட்டுச் சிக்லிட். இந்தியாவில் இயற்கையாக இருப்பது மூன்றே மூன்று. கரிமீன் அதில் ஒன்று. இன்னொன்று கேரளத்தார் பள்ளத்தி என்று சொல்கிற ஆரஞ்சு குரோமைட். எட்டு செ.மீ. மீன், மஞ்சளில் சிவப்புப் புள்ளி. காயலின் உப்புக் கலந்த தண்ணீரில் பிறந்ததால் 1,150 அதற்குப் பொருட்டே இல்லை. தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் குஞ்சுகள் கொத்தித் தின்று வளர்வதைப் பார்க்க அமேசான் வரை போக வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் ஆர்ஓ மெஷினோடு மல்லுக்கட்டுவதைவிட இதை யோசிக்கலாம். "வெளிநாட்டு மீன் இல்லியாண்ணா?" என்று முகம் சுளிப்பார்கள் என்பதும் தெரியும்.

எதை வாங்கினாலும் ஏரியில் விடாதீர்கள். தொட்டியின் பாசி தின்ன வாங்கும் டேங்க் கிளீனர் மீனை விட்டு நாம் கெடுத்த ஏரிகள் போதும்.

குடியாத்தத்துத் தம்பிக்கு நான் முடிவு சொல்லவில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் முப்பது நாள் காலையிலும் இரவிலும் தொட்டியின் டிடிஎஸ்சையும் வெப்பத்தையும் எழுதி அனுப்பு, அதற்குப் பிறகு பேசலாம் என்றேன். முதல் நாள் 1,420 என்று அனுப்பினான், கூடவே வாய் பிளந்த ஒரு பொம்மை. ஐந்தாம் நாள் மீட்டர் கெட்டுவிட்டதா என்று கேட்டான். பத்தாம் நாள் அவன் அம்மா தார்ப்பாய் எதற்கென்று சண்டை போட்டாராம். இருபத்திரண்டாம் நாள் ஒன்பதாயிரத்து ஜோடியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினான். வருத்தமாக இருந்ததா என்று நானும் கேட்கவில்லை. நேற்று வந்தது: "64. 26 டிகிரி. ரெண்டு டிரம் ரொம்பிடுச்சு. எஃப்1 யாருகிட்டண்ணா கெடைக்கும்?"